பனியடியில் புதைத்த பணம்

கண்ணாடிக் குப்பி ஒன்று. சுண்டுவிரல் அளவுகூட இராது. உள்ளே குருணை போலச் சில துகள்கள். சில செந்நீலம், சில பச்சை, சில கன்னங்கரேல். அதை நம் உள்ளங்கையில் வைத்தார் எதிரே நின்ற இளைஞர். “இவை வைரமல்ல, ஆனால் வைரத்தோடு ஒரே வழியில் மேலே வந்தவை” என்றார். வேறொன்றும் சொன்னாரில்லை. சொல்ல வேண்டிய தேவையும் அவருக்கில்லை! தோழியைக் கண்டுவிட்டோம், தலைவி தொலைவில் இராள் என்று மீதிக் கதையை நம் மனமே கட்டிக்கொண்டது. கட்டிய கதைக்குக் காசும் கட்டினோம்.

இடம், கனடா நாட்டு டொராண்டோ மாநகர். காலம், 2017 மார்ச்சுத் திங்கள். ஆண்டுதோறும் அத்திங்களில், மண்ணுக்கடியில் பொருள் தேடுவோரெல்லாம் அந்நகரில் மாநாடு கூட்டுவர். பொன் தேடுவோர், செம்பு தேடுவோர், யுரேனியம் தேடுவோர், வைரம் தேடுவோர் என வரிசை வரிசையாகக் கடை விரித்திருப்பர். தேர்த் திருவிழாக் கூட்டம் தோற்றுப்போகும்! பாறைத் துண்டுகளும் வண்ணப் படங்களும் வழவழப்பான அறிக்கைகளும் அங்கே இலவசம். விலைக்கு இருப்பது நம்பிக்கை. பங்கு என்பது அதற்கு இட்ட பெயர்.

நாம் யார்? தஞ்சைத் தரணியில் பிறந்து, இருபதாண்டுகட்கு மேலாக டொராண்டோவின் கீழ்ப்புறத்தே, ஸ்கார்பரோவில் வாழ்ந்து, அச்சகம் ஒன்றில் கணக்கெழுதிப் பிழைப்பவர். ஞாயிறுதோறும் பொது நூலகத்து அறையொன்றில் கூடும் படிப்பு வட்டத்தில் வாய் திறப்பவர். அந்த வட்டத்தில், 2016ஆம் ஆண்டு இறுதியில் நாம் பேசிய பேச்சொன்றை இங்கே குறிப்பிட்டே ஆகவேண்டும். ஏனெனில், அந்தப் பேச்சே இன்று நம்மைப் பார்த்துக் கைகொட்டிச் சிரிக்கிறது. தலைப்பு: ‘நவமணியும் நவக்கிரகமும்’. சுக்கிரனுக்கு வைரமாம், சனிக்கு நீலமாம், செவ்வாய்க்குப் பவழமாம்! விரலிலே கல் ஏறினால் விண்ணிலே கோள் இறங்கி வருமோ? வைரம் என்பது கரி. அடுப்புக் கரிக்கும் அதற்கும் மூலப்பொருள் ஒன்றே, அணுக்கள் அடுக்கப்பட்ட முறை ஒன்றே வேறு. 1955ஆம் ஆண்டிலேயே அமெரிக்க ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்து அறிவியலார் அதை ஆய்வுக்கூடத்தில் ஆக்கிக் காட்டிவிட்டனர். ஆளாக்கிய கல் ஆளை ஆட்டிவைக்குமோ? என்றெல்லாம் அடுக்கினோம். “மோதிரம் விற்றவன் மாடி கட்டினான், மோதிரம் போட்டவன் மறுபடியும் சோதிடனிடம் போனான்” என்று முடித்தோம். நல்ல கைதட்டல்.

மூன்று திங்கள் கழியவில்லை. கல் பதித்த மோதிரக்காரனைக் கேலி பேசிய நாம், பனிக்கடியில் இருக்குமோ இராதோ என்று எவரும் அறியாத கல்லின்பேரில் 11,000 டாலரைக் கட்டினோம்! பங்கொன்று 22 சென்ட். ஆக 50,000 பங்குகள். கணக்கெழுதும் கைக்கு வகுத்துப் பார்ப்பதில் மட்டும் பிழை நேரவில்லை.

ஏமாளி என்று உடனே ஏசிவிடாதீர்கள். நம்மை இழுத்தது பொய்க்கதையாக இருந்திருந்தால் ஒருவேளை தப்பியிருப்போம். அது மெய்க்கதை.

வைரம் பிறக்கும் இடம், நம் காலடியிலிருந்து 150 கிலோமீட்டருக்கும் கீழே. அவற்றுள் பல, நூறு கோடி ஆண்டுகட்கும் மூத்தவை. அவ்வளவு ஆழத்திலிருந்து எரிமலைக் குழம்பொன்று மேலே பீறிட்டு வரும்போது, வழியிலுள்ளவற்றையெல்லாம் வாரிக்கொண்டு வரும். வந்து குளிர்ந்து, முள்ளங்கி வடிவிலே மண்ணில் இறங்கி நிற்கும் அந்தப் பாறைக்குக் கிம்பர்லைட் என்று பெயர். தென்னாப்பிரிக்கக் கிம்பர்லி நகரின் பெயரால் வந்தது. அந்தக் குழாய்ப் பாறையில் வைரம் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ஆனால் செந்நீலக் கார்நெட், பச்சை டயாப்சைடு, கரிய இல்மனைட்டு ஆகிய துகள்கள் ஏராளமாக இருக்கும். நம் கையில் வைக்கப்பட்ட குப்பியிலே இருந்தவை அவைதாம்.

கனடாவின் வடபால், பண்டைக்காலத்துப் பனியாறுகள் இந்தக் குழாய்களின் தலையைச் சுரண்டி, அத்துகள்களைப் பல நூறு கிலோமீட்டர் தொலைவுக்கு இறைத்துவிட்டுப் போயின. சார்லஸ் ஃபிப்கி, ஸ்டூவர்ட் புளூசன் என்னும் நிலவியலார் இருவர், 1980களின் தொடக்கத்தில் அந்தத் துகள் தடத்தைக் கண்டனர். பனியாறு வந்த வழியிலே எதிர்த்திசையில் நடந்தனர். மண்ணை அள்ளுவர், சலிப்பர், துகளைச் சோதிப்பர், மறு ஆண்டு இன்னும் கிழக்கே போவர். ஓராண்டா, ஈராண்டா? ஏறத்தாழப் பத்தாண்டு! வைரப் பேரரசு என்று பெயர் பெற்ற டி பீர்ஸ் நிறுவனமும் அந்தப் பனிவெளியில் தேடிக்கொண்டுதான் இருந்தது. முந்திக்கொண்டவர் இவர்கள். 1991இல் லாக் டி கிரா ஏரிப் பகுதியில் துளையிட்டு எடுத்த 59 கிலோ பாறையிலிருந்து 81 சிறு வைரங்கள் கிடைத்தன என்று அந்த நவம்பரில் அறிவிப்பு வந்தது. ஃபிப்கியின் டயா மெட் என்னும் சிறு கம்பெனியின் பங்கு, சில்லறைக் காசிலிருந்து பல பத்து டாலருக்குப் பாய்ந்தது. பி.எச்.பி. என்னும் பெரு நிறுவனம் கூட்டுச் சேர்ந்து, 1998 அக்டோபரில் எக்காட்டி சுரங்கம் திறக்கப்பட்டது. கனடாவின் முதல் வைரச் சுரங்கம். 2001இல் பி.எச்.பி., டயா மெட்டையே விலைக்கு வாங்கிற்று.

இன்னொரு கதையும் உண்டு. அதை நாம் நண்பர்களிடம் நூறு முறை சொல்லியிருப்போம். 1994ஆம் ஆண்டு இளவேனில். பனி உருகத் தொடங்கிவிட்டது. ஏரா தாமஸ் என்னும் இளம் பெண் நிலவியலார், உறைந்த ஏரியின்மேல் நின்று, இன்னும் ஒரு துளை, இன்னும் ஒரு துளை என்று போடச் சொல்கிறார். வெளிவந்த பாறைத் தண்டில் 2 காரட் வைரம் ஒன்று பதிந்து நிற்கிறது! அந்த இடமே பின்னர் டயாவிக் சுரங்கமாயிற்று. 2003இல் உற்பத்தி தொடங்கிற்று. கேட்கும்போதே மெய் சிலிர்க்கிறதல்லவா? நமக்கும் சிலிர்த்தது. சிலிர்த்தவுடன் சிந்தனை சிறிது உறங்கப் போய்விட்டது.

எக்காட்டிக்குப் பின்னே வடபுலத்துக்கு ஓடிய கம்பெனிகள் நூற்றுக்கணக்கில். அவற்றின் பெயர்கள் இன்று யார் வாயில் வருகின்றன? வென்றவன் கதையை வீதியெல்லாம் பாடுவர். வீழ்ந்தவனுக்கு விழா எடுப்பார் யார்? நூனவுட் பகுதியில் ஜெரிக்கோ என்றொரு சுரங்கம். டாஹேரா என்னும் சிறு கம்பெனி 2006இல் திறந்தது, 2008இல் மூடியது, கடன்காரரிடமிருந்து காப்புக் கேட்டு நீதிமன்றப் படியேறியது. சுரங்கமே கண்ட கம்பெனியின் கதி இது! சிறிய கம்பெனி மட்டுமா? டி பீர்சே 2008இல் திறந்த ஸ்னாப் லேக் சுரங்கத்தை 2015இல் நிறுத்தியது. இந்த வரலாறும் நாம் ஞாயிறுதோறும் கூடும் அதே நூலகத்தில்தான் இருந்தது. அந்த அலமாரிப் பக்கம் நாம் போகவில்லை.

போகவிடாமல் தடுத்தது அந்த நாளின் ஆரவாரம் என்று ஒரு சாக்குச் சொல்லலாம். 2015 நவம்பரில் போட்ஸ்வானாவின் கரோவே சுரங்கத்தில் 1,109 காரட் எடையுள்ள கல் கிடைத்து உலகமே வியந்தது. 2016 இலையுதிர்காலத்தில் கனடாவில் மட்டும் இரண்டு புதிய வைரச் சுரங்கங்கள் திறக்கப்பட்டன. வடமேற்கில் காச்சோ குவே, கியூபெக்கில் ரெனார்டு. அடுத்தது நம்முடையதுதான் என்று எண்ணாத பங்குதாரன் உண்டோ! அந்த 1,109 காரட் கல்லே 2016 ஜூனில் லண்டன் ஏலத்தில் கேட்ட விலை வராமல் திரும்பிற்று என்ற செய்தியையும் அதே இதழ்களில்தான் படித்தோம். படித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டினோம். (மறு ஆண்டு அது 5 கோடியே 30 இலட்சம் அமெரிக்க டாலருக்கு விலைபோயிற்று என்பது வேறு செய்தி.)

“சிறிய கம்பெனி” என்று சொல்லிக்கொண்டே போகிறோமே, அது யாது? சுரங்கம் உண்டோ? இல்லை. ஆலை உண்டோ? இல்லை. விற்பதற்கு ஒரு கல்லாவது உண்டோ? அதுவும் இல்லை! மரமும் முளைக்காத வடகோடிப் பனிவெளியில், இன்ன எல்லைக்குள் தேடிப் பார்க்கும் உரிமை என்றொரு தாள். நகரில் ஓர் அறை. அறையில் நாலைந்து பேர். கணக்கேட்டில் வருவாய்ப் பத்தியில் காண்பது வங்கி தந்த வட்டி மட்டுமே. செலவுப் பத்தியோ செழித்து வளர்ந்திருக்கும். ஹெலிகாப்டர், துளைப்பொறி, எண்ணெய், கூடாரம், சோதனைக்கூடம். அதுவும் ஏரி உறைந்திருக்கும் திங்கள்களில் முடித்தாக வேண்டும். கிம்பர்லைட் மென்மையான பாறை. சுற்றியுள்ள கற்பாறையைக் காட்டிலும் ஆழமாகப் பனியாறு அதைச் சுரண்டிவிடும். பள்ளத்தில் நீர் தேங்கி ஏரியாகிவிடும். எனவே தேடும் குழாய் பெரும்பாலும் ஏரிக்கு அடியிலே இருக்கும். நீர் உறைந்த பின் பொறியை அதன்மேல் நிறுத்தித் துளையிடுவர். உருகுமுன் ஓடி வருவர்.

இத்தனைக்கும் பணம் எங்கிருந்து வரும்? புதுப் பங்கு வெளியிட்டுத்தான்! நாம் வாங்கியபோது அக்கம்பெனியின் மொத்தப் பங்குகள் 6 கோடி. கதை முடிந்தபோது 14 கோடி. தோசை ஒன்றே; துண்டு போடுவோர் மட்டும் பெருகிக்கொண்டே போயினர். பெரிய புள்ளிகளுக்குச் சந்தை விலையைவிடக் குறைத்துப் பங்கு தருவர்; போதாதென்று, பின்னாளில் இன்ன விலைக்கு இன்னொரு பங்கு வாங்கிக்கொள்ளலாம் என்ற உரிமைச் சீட்டும் தருவர். நம்மைப் போன்ற சில்லறைப் பங்குதாரனுக்கு அந்தச் சீட்டு இல்லை, செய்தியறிக்கை உண்டு.

செய்தியறிக்கைகள் வந்தன. 2017 மே: ஏரிக்கடியில் கிம்பர்லைட் பாறையைத் துளை தொட்டது! பங்கு 31 சென்ட். ஜூலை: பாறையில் 143 நுண்வைரங்கள்! பங்கு 40 சென்ட். எண்ணைப் பார்த்தோம், எக்காட்டியின் 81ஐ நினைத்தோம், 143 அதனினும் பெரிதல்லவா என்று துள்ளினோம். பள்ளிப் பிள்ளையும் கேட்கும் கேள்வியை நாம் கேட்கவில்லை: எத்தனை கிலோ பாறையில்? எவ்வளவு பெரிய கல்? அதே அறிக்கையின் அடியில் கட்டம் போட்டு அச்சிட்டிருந்தார்கள். நுண்வைரங்களைச் சல்லடை சல்லடையாகப் பிரித்து எண்ணுவது வழக்கம். மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு கண்ணுள்ள சல்லடையில் தொடங்கி மேலே போவர். 0.85 மில்லிமீட்டர் சல்லடையில் தங்கும் கல்தான் வணிகத்துக்கு உதவும். நம் 143 கற்களில் அந்தச் சல்லடையில் தங்கியவை இரண்டே இரண்டு! மற்றவையெல்லாம் கண்ணுக்கே தென்படாத தூசு. கட்டத்தைப் பார்த்தோம், ஆம், கண்ணால் பார்த்தோம்.

அந்த ஜூலைத் திங்களில்தான் தம்பி வந்தார்.

தம்பி என்பது நாம் அழைக்கும் முறை. பருத்தித்துறைப் பக்கத்தில் பிறந்தவர். இரவெல்லாம் கிடங்கொன்றில் பெட்டி அடுக்கி, ஞாயிறு காலையில் கண் எரிய எரியப் படிப்பு வட்டத்துக்கு வருபவர். நம் நவமணிப் பேச்சைக் கேட்டுவிட்டு, கையிலிருந்த நீலக்கல் மோதிரத்தைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டவர்! அது நமக்கு எத்துணைப் பெருமையாக இருந்தது என்பதை மறைப்பானேன்? அந்தத் தம்பி, கூட்டம் கலைந்தபின் தயங்கி நின்று கேட்டார்: “அண்ணை, நீங்கள் அந்த வைரக் கம்பெனியிலை காசு போட்டிருக்கிறியளாமே?” ஆம் என்றோம். குப்பியைக் காட்டினோம். 59 கிலோ பாறைக் கதையைச் சொன்னோம். பனிமேல் நின்ற பெண்ணின் கதையைச் சொன்னோம். போடுங்கள் என்று சொல்லவில்லை. சொல்லவில்லை என்பதை இன்றளவும் நாம் நமக்கே சொல்லிக்கொள்வதுண்டு. மறு கிழமை வந்து, “நானும் போட்டிட்டன் அண்ணை” என்றார். 40 சென்ட் விலையில் 15,000 பங்குகள். 6,000 டாலர். தங்கையைச் செவிலியர் படிப்பில் சேர்ப்பதற்கென்று இரவு வேலையில் சேர்த்த பணம். “கணக்கை ஒருக்கால் பார்த்தீரா?” என்று கேட்டோம். “நீங்கள் போட்டனீங்கள் எண்டால் விசாரிச்சுத்தானே போட்டிருப்பியள்” என்றார்.

நாம் மறுத்திருக்க வேண்டிய இடம் அது. “இல்லை தம்பி, நான் விசாரிக்கவில்லை” என்னும் நான்கு சொற்கள். சொல்லவில்லை. பெரியவர் சொன்னார், ஏட்டில் இருக்கிறது, ஆகவே நம்பு என்று எவர் சொன்னாலும் சீறிப் பாய்ந்த நம் நாக்கு, நம்மையே பெரியவராக்கி ஒருவர் நம்பியபோது, இனிப்புத் தின்றதுபோல் வாளாவிருந்தது.

செப்டம்பரில் பங்கு 52 சென்ட் தொட்டது. நம் 11,000 டாலர் 26,000 ஆகிவிட்டதாகக் கணினித் திரை காட்டிற்று. விற்றோமா? விற்பவன் கோழையல்லவா! தம்பியும் விற்கவில்லை, நாம் விற்கவில்லை என்பதால்.

அடுத்த குளிர்காலத்தில் பெருந்துளை போட்டுப் பல டன் பாறை எடுத்தார்கள். இதுதான் மெய்ச்சோதனை. வைரச் சுரங்கத்தின் கணக்கு பொன்னின் கணக்கைப் போன்றதன்று. பொன் எங்கே எடுத்தாலும் பொன், எடைக்கு விலை. வைரத்துக்கோ இரண்டு கேள்விகள். ஒரு டன் பாறையில் எத்தனை காரட்? அந்தக் காரட் என்ன விலை? காரட் என்பது ஒரு கிராமில் ஐந்திலொரு பங்கு. டன்னுக்கு 1 காரட் என்றாலே, 50 இலட்சம் பங்கு கல்லில் ஒரு பங்கு வைரம்! லெசோத்தோ நாட்டின் லெட்செங் சுரங்கத்தில் 100 டன்னுக்கு 2 காரட்டுகூடத் தேறாது. ஆயினும் அக்கற்கள் பெரியவை, தூயவை, காரட் ஆயிரம் டாலருக்கு மேல் விலைபோகக்கூடியவை என்பதால் சுரங்கம் தழைத்தது. ஆஸ்திரேலியாவின் ஆர்கைல் சுரங்கத்திலோ கல்லுக்குப் பஞ்சமில்லை; பெரும்பாலும் பொடிக்கல், பழுப்புக்கல், மலிவுக்கல். அதன் புகழுக்குக் காரணமான இளஞ்சிவப்புக் கற்கள் அருகியே கிடைத்தன. 2020இல் அதை மூடினார்கள். எண்ணிக்கையை மட்டும் கேட்டு எக்களிப்பவனுக்கு இந்த இரு சுரங்கங்களைக் காட்டினால் போதும்.

2018 நவம்பரில் முடிவு வந்தது. டன்னுக்குக் கால் காரட்டுக்கும் குறைவு. விலை கணித்தவர்கள் காரட்டுக்கு 90 டாலர் அளவில் சொன்னார்கள். பெருக்கிப் பாருங்கள்: ஒரு டன் பாறையின் மதிப்பு, மிஞ்சினால் 22 டாலர். எல்லோநைஃப் நகருக்கு அப்பால், நிலச்சாலை இல்லாத வெளியில், ஆண்டில் இரண்டு திங்கள் மட்டும் உறைந்த ஏரிகளின்மேல் போடப்படும் பனிச்சாலை வழியாக எண்ணெயும் இரும்பும் அரிசியும் ஏற்றிச் சென்று, அந்த ஒரு டன்னை வெட்டி, உடைத்து, சலிக்க 22 டாலர் எந்த மூலைக்கு? பங்கு ஒரே வாரத்தில் 6 சென்டுக்கு இறங்கிற்று.

அன்றிரவுதான் நாம் அந்தத் தொழில்நுட்ப அறிக்கையைத் திறந்தோம். 1997இல் பிரி-எக்ஸ் என்னும் கனடியக் கம்பெனி, இந்தோனேசியக் காட்டில் பொன்மலை கண்டதாகச் சொல்லி, பாறைத் தூளில் பொற்றூளைக் கலந்து உலகை ஏய்த்தது வெளிப்பட்டது. அந்த அவமானத்துக்குப் பின், 2001இல் கனடாவில் ஒரு விதி வந்தது: கனிமம் தேடும் கம்பெனி தன் கண்டுபிடிப்பைப் பற்றித் தகுதிபெற்ற வல்லுநர் கையொப்பமிட்ட அறிக்கையைப் பொதுவில் வைத்தாக வேண்டும். யாரும் படிக்கலாம், காசு வேண்டாம். நம் கம்பெனியின் அறிக்கையும் நாம் பங்கு வாங்குவதற்கு ஓராண்டு முன்பிருந்தே அங்கே இருந்தது. படித்தோம். ஒரு பொய்யும் இல்லை! இது வெறும் கருத்தளவிலான மதிப்பீடு, கனிம வளம் என்று சொல்லுமளவுக்குச் சான்று போதாது, மேலும் தேடினாலும் கிடைக்கும் என்பது உறுதியில்லை. அப்பட்டமாக எழுதி, ஒருவர் கையொப்பமும் இட்டிருந்தார். உலகில் கண்ட கிம்பர்லைட் குழாய்கள் ஆயிரக்கணக்கில், அவற்றுள் இலாபமுள்ள சுரங்கமாவது நூற்றுக்கு ஒன்று அளவிலே என்பது அத்துறையார் எவருக்கும் தெரிந்த கணக்கு. அதுவும் அதிலே இருந்தது. எவர்மீது பாய்வது? நம்மை ஏமாற்றியவன் என்று சுட்டிக்காட்ட ஓர் ஆள் கிடைத்திருந்தால் எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும்!

ஃபிப்கியும் புளூசனும் பத்தாண்டு நடந்தது நம்பிக்கையால் என்று மேடையில் முழங்கியிருந்தோம். பாதி உண்மை. ஒவ்வொரு குப்பித் துகளையும் ஐயத்தோடு ஆய்ந்தவர்கள் அவர்கள். எல்லாக் கார்நெட்டும் வைரத்தின் துணை அன்று. எந்த வேதிச் சேர்க்கையுள்ளது வைரம் பிறக்கும் ஆழத்திலிருந்து வந்தது என்று தென்னாப்பிரிக்க அறிஞர் ஜான் கர்னி வகுத்துத் தந்த சோதனையைக் கொண்டு வடிகட்டினார்கள். நம் குப்பியிலிருந்த கார்நெட் எந்த வகை? கேட்க வேண்டும் என்றே தோன்றவில்லை. நிறம் அழகாக இருந்தது.

2019 பிப்ரவரியில் கம்பெனி 10 பங்குகளை 1 பங்காக்கிற்று. நம் 50,000 பங்குகள் 5,000; தம்பியின் 15,000, வெறும் 1,500. அவ்வாண்டு செப்டம்பரில், நாமெல்லாம் முன்மாதிரியாகக் காட்டிய ரெனார்டு சுரங்கத்தின் ஸ்டோர்னவே கம்பெனியே கடன்காரரிடம் காப்புத் தேடிற்று. அதன் பங்குதாரருக்கு மிஞ்சியது ஒன்றுமில்லை. ஆய்வுக்கூட வைரமோ ஆண்டுக்காண்டு மலிந்தது. டி பீர்சே 2018இல் காரட் 800 டாலருக்கு ஆய்வுக்கூடக் கல்லை விற்கத் தொடங்கிற்று. பிறகு சந்தை விலை அதற்கும் கீழே போயிற்று. வைரத்தை ஆய்வுக்கூடத்தில் ஆக்கலாம் என்று மேடையில் சொல்லிக் கைதட்டல் வாங்கியவர் நாம்! சோதிடனை அடிக்க எடுத்த அந்தக் கோல், நம் பணப்பெட்டியையும் தட்டும் என்று அன்று எண்ணினோமில்லை. நம் கம்பெனி 2022இல் பங்குச் சந்தைப் பட்டியலிலிருந்தே மறைந்தது.

நம் பணம் போனதைப் பற்றிப் புலம்ப ஒன்றுமில்லை. வீட்டில் சில வார்த்தைகள் கேட்டோம், கேட்க வேண்டியவைதாம். வீட்டுக் கூரை மாற்றுவது மூன்றாண்டு தள்ளிப்போயிற்று.

தம்பி, 2018 இறுதியில், நான்கு ஞாயிறு வரவில்லை. ஐந்தாம் ஞாயிறு நாமே அவர் இருப்பிடம் சென்றோம். தேநீர் தந்தார். தங்கை அவ்வாண்டு கல்லூரியில் சேரவில்லை, கடையொன்றில் வேலைக்குப் போகிறாள் என்றார். குற்றம் சாட்டும் குரலே இல்லை, அதுதான் குத்திற்று. பின்னர் மெல்லக் கேட்டார்:

“அண்ணை, அந்த அறிக்கையை நீங்கள் முழுக்க வாசிச்சனீங்களோ?”

“இப்போதுதான் வாசித்தேன், தம்பி. போடும்போது வாசிக்கவில்லை” என்றோம்.

நெடுநேரம் பேசவில்லை. “அதை அண்டைக்கே சொல்லியிருக்கலாம்” என்றார். அவ்வளவே.

அவர் இழந்ததைத் திருப்பித் தருவதாகச் சொன்னோம். “நான்தானே போட்டனான், நீங்கள் ஏன் தரவேணும்” என்று மறுத்தார். பல முறை மறுத்தார். தங்கையின் படிப்புக்கு என்றபோது பேசாதிருந்தார். 2019 ஜூலை முதல் திங்கள்தோறும் 100 டாலர். அதே ஆண்டு செப்டம்பரில் தங்கை கல்லூரியில் சேர்ந்தாள். கடன் வாங்கியும், கடையில் நின்றும், நம் நூறையும் சேர்த்தும். இன்று மருத்துவமனை ஒன்றில் செவிலியாக இருக்கிறாள்.

தம்பி படிப்பு வட்டத்துக்குத் திரும்பி வந்தார். ஆனால் முன்போல் தலையாட்டிக்கொண்டு உட்காருவதில்லை. யாராவது ஒன்றைச் சொன்னால், “அது எதிலை இருக்கு?” என்று கேட்கிறார். நாம் சொன்னாலும் கேட்கிறார். நாம் சொன்னால் கொஞ்சம் கூடுதலாகவே கேட்கிறார் என்று ஐயம்.

கடைசி நூறு டாலரை 2024 ஜூனில், நூலக வாயிலில் வைத்துக் கொடுத்தோம். ஐம்பத்தொன்பது முறையும் உறையை அப்படியே மடித்துச் சட்டைப்பையில் வைத்தவர், அன்று உறையைப் பிரித்து, ஐந்து இருபது டாலர் தாள்களையும் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்துவிட்டு, “சரி அண்ணை” என்றார்.